கட் ஆஃப் இல்லாத சீட்

அப்பா இதுவரை நாலு தடவை கேட்டுவிட்டார். "கட் ஆஃப் எவ்ளோம்மா?" அப்படி ஒன்று கிடையாதுப்பா என்றால் நம்பவே மாட்டேன் என்கிறார். மார்க் லிஸ்ட் இல்லை, ரேங்க் இல்லை, ஆனா சீட் மட்டும் இருக்கு, அப்ப எதை வெச்சு ஒருத்தனை எடுக்கிறான், ஒருத்தனை விடுறான்? அவர் கேட்பதில் தப்பே இல்லை. எனக்கும் அதே சந்தேகம்தான்.

கதை இதுதான். வரலாற்றில் பிஎச்டி படிக்க அமெரிக்காவில் ஆறு பல்கலைக்கழகங்களுக்கு டிசம்பரில் விண்ணப்பித்தேன். இன்று பிப்ரவரி 21. இரண்டு இடத்திலிருந்து இல்லை என்று வந்தாயிற்று. ஓர் இடத்தில் வெயிட்டிங் லிஸ்ட். ஓர் இடத்தில் இன்டர்வியூ முடிந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது, மூச்சே இல்லை. மிச்சம் இரண்டும் உன் விண்ணப்பம் வந்து சேர்ந்தது என்று சொன்னதோடு சரி.

அப்பாவுக்கு அட்மிஷன் என்றால் 2012தான். அண்ணன் ப்ளஸ் டூ முடித்து அண்ணா பல்கலைக்கழகத்துக்கு கவுன்சலிங் போன வருஷம். அப்போது எல்லாம் நேரில்தான், ஆன்லைன் ஆனது 2018இல். வேடிக்கை பார்க்க என்னையும் கூட்டிப்போனார்கள். ஒரு பெரிய திரை, அதில் கல்லூரிப் பெயர்கள், பக்கத்தில் காலி இடங்கள். உள்ளே யாரோ ஒரு பையன் கையெழுத்துப் போட, வெளியே திரையில் 7 இருந்தது 6 ஆகும். ஒவ்வொரு எண் குறையும்போதும் கூட்டத்தில் ஒரு 'ச்சு' கேட்கும். கணக்குக்கு 100, இயற்பியல் வேதியியலுக்கு ஐம்பது ஐம்பது, மொத்தம் 200க்கு உன் எண் இவ்வளவு, உனக்கு முன்னால் இத்தனை பேர், முடிந்தது கதை. கிடைக்கவில்லை என்றாலும் ஏன் கிடைக்கவில்லை என்று அரை மார்க் வரைக்கும் தெரியும். அந்தத் திரை முன்னால் நின்ற மனிதரிடம் போய், ஐந்தாறு பேராசிரியர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து பேசி முடிவெடுப்பார்கள் என்றால், "அப்ப சிபாரிசா?" என்றுதான் கேட்பார். கேட்டார்.

ஒருவகையில் சிபாரிசுதான். மூன்று பேராசிரியர்கள் கடிதம் எழுத வேண்டும். அதில் ஒருவர் எனக்கு எம்.ஏ.வில் பாடம் எடுத்தவர், ஓய்வுபெற்றுப் பல வருஷமாகிறது, தாம்பரம் பக்கம் வீடு. மெயிலில் வந்த லிங்க்கைத் திறந்து கடிதத்தை ஏற்றுவது அவருக்குப் பழக்கமில்லை என்று நானே போய் நின்றேன். லேப்டாப்பைத் திறந்து கொடுத்ததும், "நீ போய் ஹால்ல உக்காரும்மா, நீ பாக்கக் கூடாதுன்னுதானே கையெழுத்துப் போட்டிருக்கே" என்றார். உண்மைதான், கடிதத்தைப் பார்க்கும் உரிமை எனக்கு வேண்டாம் என்று விண்ணப்பத்திலேயே டிக் அடித்திருந்தேன், எல்லாரும் அடிப்பார்கள். முக்கால் மணி நேரம் ஹாலில் உட்கார்ந்து அவர் ஒற்றை விரலால் தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு தடவை உள்ளிருந்து குரல் வந்தது. "ஏம்மா, நீ நூத்துல முதல் ஒண்ணா, அஞ்சா, பத்தான்னு கட்டம் போட்டுக் கேக்குறான். நான் எந்த நூறை எடுத்துக்கறது?" நான் பதில் சொல்லவில்லை. எந்தக் கட்டத்தில் டிக் போட்டார் என்று இன்றுவரை தெரியாது.

மற்றபடி விண்ணப்பம் என்பது ஆயிரம் வார்த்தைக்குள் நீ யார், என்ன ஆராய்ச்சி செய்யப்போகிறாய், ஏன் இந்தத் துறைக்கு வருகிறாய் என்று ஒரு கட்டுரை, அப்புறம் இருபது இருபத்தைந்து பக்கத்துக்கு உன் ஆய்வு எழுத்து ஒன்று. ஜிஆர்ஈ என்கிற நுழைவுத் தேர்வின் மதிப்பெண் வேண்டாம் என்று பல வரலாற்றுத் துறைகள் விட்டுவிட்டன. அதாவது, அப்பா பிடித்துக்கொள்ளக்கூடிய ஒரே எண்ணும் போச்சு.

நான் அனுப்பிய எழுத்து பக்கிங்ஹாம் கால்வாயைப் பற்றியது. மயிலாப்பூரில் பறக்கும் ரயில் தூண்கள் நடுவில் நிற்கிறதே, அதே சாக்கடைதான். 1876–78 பஞ்சத்தில், நம் பாட்டிமார் சொல்லும் தாது வருஷப் பஞ்சத்தில், அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதியை நிவாரண வேலையாகப் பஞ்சத்து ஜனங்களை வைத்து வெட்டினார்கள். பஞ்ச காலக் கூலி எவ்வளவு தெரியுமா? 1877 தொடக்கத்தில், பஞ்சத்தைக் கவனிக்க வைஸ்ராய் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்தபடி ஓர் ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், ஓர் அணா. இது உடம்புக்குப் போதாது என்று சென்னை மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதிக்கொண்டே இருந்தார். அந்தச் சண்டையின் காகிதங்களைத் தேடித்தான் இரண்டு வருஷமாக லீவு நாளெல்லாம் செங்கல்பட்டிலிருந்து ரயில் பிடித்து எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்தேன். கட்டைப் பிரித்தால் மேஜையெல்லாம் பழுப்புத் தூள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் திட்டு, சட்டைக் கையைப் பார் என்று.

"நம்மூர்க் கால்வாயைப் படிக்க அமெரிக்கா எதுக்கு?" இது அப்பாவின் இரண்டாவது கேள்வி. முதல் கேள்வியை விடக் கஷ்டமானது. நேர்மையாகச் சொன்னால் முதல் காரணம் காசு. அங்கே பெரிய துறைகள் ஐந்து வருஷத்துக்குக் கட்டணமும் தள்ளுபடி செய்து உதவித்தொகையும் கொடுக்கின்றன. இங்கே நெட் தேர்வில் நல்ல மார்க் எடுத்து ஜேஆர்எஃப் என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், நல்ல தொகைதான், ஆனால் நான் நெட் பாஸ் பண்ணினேனே தவிர ஜேஆர்எஃப் எல்லையைத் தொடவில்லை (அங்கே கட் ஆஃப் உண்டு, அப்பாவுக்குப் புரிந்தது). இரண்டாவது, ஆய்வேட்டில் கைவைப்பதற்கு முன் இரண்டு மூன்று வருஷம் வெறுமனே படிக்கவிடுவார்கள். மூன்றாவதைச் சொன்னால் சிரிப்பீர்கள். தமிழ்ப் புத்தகம் அங்கே ஏராளம். அமெரிக்கா நமக்குக் கோதுமை விற்ற ரூபாயில், பிஎல் 480 திட்டத்தில், அறுபதுகளிலிருந்து இந்தியாவில் அச்சான புத்தகங்களை வாங்கி வாங்கித் தங்கள் நூலகங்களில் அடுக்கிவிட்டார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையாவின் பழைய தமிழ்ப் புத்தகச் சேகரிப்பை 1994இல் வாங்கியதும் சிகாகோ பல்கலைக்கழகம்தான், நல்லவேளையாக அது சென்னையிலேயே இருக்கட்டும் என்று விட்டார்கள், இப்போது தரமணியில் இருக்கிறது. இதையெல்லாம் கேட்டுவிட்டு அப்பா, "கோதுமைக்கு புக்கா" என்றார். அதோடு விட்டார்.

சரி, எதை வெச்சு எடுக்கிறான்? எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன். ஒரு துறைக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் போகும். எடுப்பது பத்துப் பதினைந்து பேர், சின்ன இடம் என்றால் நாலைந்து. அதற்குள் அமெரிக்க வரலாறு, ஐரோப்பா, லத்தீன் அமெரிக்கா, சீனா, ஆப்பிரிக்கா எல்லாம் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். தெற்காசியாவுக்கு ஒன்று கிடைக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். போன வருஷம் தெற்காசியாவுக்கு இரண்டு பேரை எடுத்துவிட்டோம், இந்த வருஷம் மற்றவர்கள் முறை என்று அறைக்குள் ஒரு பேச்சு நடந்தால் வெளியே இருக்கும் எனக்கு அது தெரியப்போவதில்லை. நான் யாரிடம் படிக்க வேண்டும் என்று கட்டுரையில் பெயர் போட்டு எழுதினேனோ அவருக்கு ஏற்கெனவே நாலு மாணவர்கள் இருக்கலாம், அடுத்த வருஷம் விடுப்பில் போகலாம், ஓய்வுபெறலாம். செப்டம்பரிலேயே எல்லோருக்கும் எழுதிக் கேட்டேன். ஒருவர் மட்டும் பட்டவர்த்தனமாக, உன் தலைப்பு பிடித்திருக்கிறது, ஆனால் இந்த வருஷம் எங்களுக்கு எத்தனை இடம் என்று எனக்கே தெரியாது என்று பதில் போட்டார். என்னிடம் யாராவது உண்மை பேசினார்கள் என்றால் அவர்தான்.

அதிலும் நான் தேர்ந்தெடுத்த வருஷம் இருக்கிறதே! 2025 ஆகஸ்டில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் கலை, ஹியூமானிட்டீஸ் (இலக்கியம், மொழி, தத்துவம் மாதிரி) பிரிவு பல துறைகளில் அடுத்த ஆண்டு பிஎச்டி மாணவர்களைக் குறைவாக எடுப்போம், சிலவற்றில் எடுக்கவே மாட்டோம் என்று அறிவித்தது. அக்டோபரில் ஹார்வர்ட் கலை, ஹியூமானிட்டீஸ் பிஎச்டி இடங்களைச் சுமார் 60 சதவீதம் வெட்டுகிறது என்று அங்கத்திய மாணவர் நாளிதழ் எழுதியது. பணக்காரன் வீட்டிலேயே அடுப்பு அணைகிறது என்றால் மற்றவன் என்ன செய்வான். கூடவே நான் விண்ணப்பக் கட்டணம் கட்டிய டிசம்பர் முதல் வாரத்தில்தான் டாலர் 90 ரூபாயைத் தாண்டியது. ஆறுக்கும் சேர்த்து 595 டாலர், கிட்டத்தட்ட 54,000 ரூபாய். டிஎன்பிஎஸ்சி கோச்சிங் சென்டரில் வரலாறு எடுத்துச் சேர்த்த காசு. போகட்டும்.

இப்போது ராத்திரிகள். நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்றால் இங்கே இரவு ஏழரை, கலிஃபோர்னியாவில் ஒன்பது என்றால் இங்கே பத்தரை. அவர்கள் வேலை முடித்துக் கிளம்பும்போது இங்கே விடிந்துவிடும். ஆக என் நாள் சாப்பாட்டுத் தட்டோடுதான் தொடங்குகிறது. ஜனவரி 19 மார்ட்டின் லூதர் கிங் நாள், பிப்ரவரி 16 பிரசிடென்ட்ஸ் டே, இரண்டு ராத்திரியும் நிம்மதியாகத் தூங்கினேன், லீவு நாளில் எவனும் மெயில் போட மாட்டான். வரும் மெயிலிலும் முடிவு இருக்காது. உங்கள் விண்ணப்பத்தில் ஒரு மாற்றம், உள்ளே வந்து பாருங்கள் என்று இருக்கும். பாஸ்வேர்டைத் தப்பாக அடித்து, மறுபடி அடித்து, உள்ளே போனால் ஒரு கடிதம். 'இந்த ஆண்டு' என்று ஆரம்பித்தாலே மூடிவிடலாம். இந்த ஆண்டு தகுதியானவர்கள் மிக அதிகம் என்றுதான் வாக்கியம் போகும். பிப்ரவரி 3 ராத்திரி பதினொன்று நாற்பதுக்கு வந்தது அப்படித்தான், இரண்டு நாள் கழித்து வந்ததும் அப்படித்தான். முதலாவதற்கு அழுதேன். இரண்டாவது வந்தபோது தோசை வார்த்துக்கொண்டிருந்தேன், கருகாமல் எடுத்துவிட்டேன்.

இன்டர்வியூ ஜனவரி 28, ஜூமில், நம் நேரம் இரவு ஒன்பதரை. தை மாசம், தெருக்கோடி மண்டபத்தில் ரிசப்ஷன், பாட்டுக் கச்சேரி. ஜன்னலை மூடி, ஃபேனை நிறுத்தி, வியர்க்க வியர்க்க உட்கார்ந்தேன். மூன்று பேர். அதில் ஒரு அம்மா கேட்டார், நீ எழுதியதில் டெம்பிள் பேசுகிறார், கார்னிஷ் பேசுகிறார், மண் சுமந்தவர்கள் எங்கே பேசுகிறார்கள்? தாது வருஷப் பஞ்சத்தைப் பாடிய கும்மிகளும் சிந்துகளும் இருக்கின்றன, அவற்றை அரசு அறிக்கையோடு வைத்துப் படிக்க வேண்டும் என்று சொன்னேன். "அந்தப் பாட்டையும் பசித்தவரா எழுதினார்?" என்று அடுத்த கேள்வி. நான் ஏதோ உளறினேன். மூன்று வாரமாக அதற்குச் சரியான பதிலைப் பாத்ரூமில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சீட் கிடைக்காவிட்டாலும் அந்தக் கேள்வியை நான் விடப்போவதில்லை, கட்டுரையின் மூன்றாம் பகுதியைப் பிரித்துப்போட்டுத் திரும்ப எழுத ஆரம்பித்துவிட்டேன்.

வெயிட்டிங் லிஸ்ட் கடிதம் வந்தது பிப்ரவரி 12, தை கடைசி நாள். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், தை முடியறதுக்குள்ள வழி பொறந்துச்சு பாரு என்று. பாதி வழி என்றேன். அதெல்லாம் காதில் விழவில்லை. கோச்சிங் சென்டர் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை, குரூப் 4 ரிசல்ட்டுக்குக் காத்துக் கிடந்தவர்கள் அவர்கள், "வந்துரும் மேம்" என்று சொல்லிவிட்டு நோட்டைத் திறந்துவிட்டார்கள்.

அப்பாவுக்கு மட்டும் உட்கார வைத்து விளக்கினேன். உதவித்தொகையோடு இடம் கிடைத்தவர்கள் வருகிறேன், வரவில்லை என்று சொல்ல அங்கே பொதுவாக ஏப்ரல் 15 வரை நேரம் உண்டு. நாலு இடத்தில் கிடைத்த ஒரு பிள்ளை கடைசி நாள் வரைக்கும் நாலையும் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கலாம். அது வேண்டாம் என்று விடுகிற இடம் எனக்கு வரலாம். அப்பா முகத்தில் முதல் முறையாக ஒரு தெளிவு. "அப்ப அன்னிக்கு அந்தத் திரையில நம்பர் குறையும்" என்றார். கூடும்ப்பா என்றேன். தமிழ்ப் புத்தாண்டுக்கு மறுநாள் என்பதையும் அவரே கண்டுபிடித்தார்.

எழுந்து போய்த் தினசரி காலண்டரில் ஏப்ரல் 15ஆம் தேதித் தாளைத் தேடி எடுத்து மூலையை மடித்தார். அப்படியே நின்று, "அவங்க ஊர்ல ராத்திரி பன்னண்டுன்னா நமக்கு எத்தினி மணி?" என்று கேட்டார். மறுநாள் காலையில ஒன்பதரைப்பா என்றேன். பதினாறாம் தேதியையும் மடித்தார்.