மழையோடு ஈலன் பள்ளத்தாக்கில்

பர்மிங்காமில் எங்கள் வீட்டுக் கெட்டிலில் உப்பே படிவதில்லை. அவ்வளவு மென்மையான தண்ணீர். அது வேல்ஸ் மலைகளில் உள்ள ஈலன் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது என்று தெரிந்த நாள் முதல் அந்த இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. போன சனிக்கிழமை வானம் இருட்டிக்கொண்டு நின்றது. சரி, நனைந்தால் நனையட்டும் என்று என் நாய் கருப்பனைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

காபன் கோக் அணையில் இறங்கும்போதே நல்ல மழை. அணை மறுகால் பாய்ந்துகொண்டிருந்தது. 37 மீட்டர் உயரக் கற்சுவரின் விளிம்பு முழுக்கத் தண்ணீர் வழிந்து, பாதியிலேயே வெள்ளை வெளேரென்று நுரையாகிவிடுகிறது. அந்த இரைச்சலில் கருப்பன் என் காலோடு ஒட்டிக்கொண்டான்.

ஆடுகள் மேயும் இடம் என்பதால் அவனைக் கயிற்றில் பிடித்துக்கொண்டே நடந்தேன். அணை கட்டுவதற்காகப் போட்ட ரயில் பாதைதான் இப்போது நடைபாதை. 1893-ல் தொடங்கிய வேலை. 1904-ல் ஏழாம் எட்வர்ட் மன்னர் வந்து திறந்துவைத்தார். பொறியாளர் ஜேம்ஸ் மான்சர்.

அரை மணி நேர நடையில் வோயல் கோபுரம். பச்சை பூத்த செப்புக் கூரையோடு, கரையோரம் வட்டமாக நிற்கிறது. எங்கள் வீட்டுத் தண்ணீர் நீர்த்தேக்கத்தை விட்டுப் புறப்படும் வாசல் இதுதான். இங்கிருந்து பர்மிங்காம் ஓரத்திலுள்ள ஃபிராங்க்லி வரை 118 கிலோமீட்டர். வழியில் ஒரு பம்ப்கூடக் கிடையாது. 2,300 அடிக்கு ஓர் அடி என்று சரிவு வைத்து, தானாகவே ஓடவிட்டிருக்கிறார்கள். போய்ச் சேர ஒன்றரை நாள் ஆகுமாம். கணினி இல்லாத காலத்தில் இப்படி மட்டம் பார்த்தவர்களை நினைத்து, மழையில் அப்படியே நின்றுவிட்டேன்.

பக்கத்தில் காரெக் தீ பாலம். அதன் வளைவுகளுக்கு அடியில், தண்ணீருக்குள் இன்னோர் அணை மூழ்கிக் கிடக்கிறது. கோடையில் கீழ்ப்பக்கம் நீர் இறங்கினாலும், மேல்பக்கத்து நீரை அது தடுத்து, கோபுரத்துக்குக் கிடைக்கும்படி பார்த்துக்கொள்கிறது. அருமையான யோசனை.

பாலத்தைத் தாண்டியதும் ஒரு சின்னத் தேவாலயம். பழையது நீருக்குள் போனதால் புதிதாகக் கட்டிக் கொடுத்தது. அதோடு பண்ணைகள், ஒரு பள்ளிக்கூடம், கவிஞர் ஷெல்லி தங்கியிருந்த வீடு எல்லாம் போயின. சுமார் நூறு பேர் வெளியேற வேண்டியிருந்தது. இழப்பீடு நில உடைமையாளர்களுக்கு மட்டும்தான்; குடியிருந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. நான் தினமும் குடிக்கும் தண்ணீர் இது. எனக்கு மனசே ஆறவில்லை.

அப்புறம் திரும்பி வந்து, நன்ட் அ க்ரோ ஓடையோரம் ஏறினோம். அணை கட்டிய தொழிலாளர்களின் குடியிருப்புக்குத் தண்ணீர் கொடுத்த சிறிய அணை அங்கே இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ல், பிரிட்டிஷ் பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸ் குழுவினர் நீருக்கடியில், சுவரை ஒட்டி வெடி வைத்து அதை உடைத்துப் பார்த்தார்கள். மறு வருஷம் ஜெர்மனியின் மோனே, ஈடர் அணைகளைத் தகர்த்த குண்டுக்கு இந்தச் சோதனைதான் வழி காட்டியது.

இரு பக்கமும் சுவர் அப்படியே நிற்கிறது. நடுவில் மட்டும் பெரிய பிளவு. உடைந்த முகப்பில் கையை வைத்தேன். பாசி பஞ்சு மாதிரி நீரைக் கக்கியது, அதற்கடியில் கல் சில்லென்று சொரசொரத்தது. கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினேன். கருப்பன் பிளவுக்குள் ஓடும் ஓடையில் இறங்கி, நெடுநேரம் தண்ணீர் குடித்தான்.