சுருட்டப்பள்ளியில் விஷம் நின்ற இடம்

ஊத்துக்கோட்டை தாண்டியதும் பலகைகளில் தெலுங்கு வந்துவிடும். பேச்சு மட்டும் தமிழ்தான். "வாங்கக்கா, அர்ச்சனைத் தட்டு வாங்கிக்குங்க" என்றுதான் கூப்பிடுகிறார்கள். சுருட்டப்பள்ளி ஆந்திர மண்ணில் இருந்தாலும், பிரதோஷத்தன்று நம் பக்கத்து ஜனங்கள் அலைமோதுவார்கள்.

பள்ளிகொண்டீஸ்வரர் சந்நிதியில் ஈசன் லிங்கமாக இல்லை. ஆலகாலம் உண்ட அயர்ச்சியில் அம்பாள் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கிறார். சுற்றிலும் தேவர்களும் ரிஷிகளும். தீபாராதனைத் தட்டு திருவடியிலிருந்து மெல்ல மேலே ஏறியபோது, என் கண் அந்தக் கழுத்தை விட்டு நகரவில்லை.

பாற்கடலில் அமுதத்துக்கு முன்னால் வந்தது விஷம். உலகம் கொஞ்சம் வேகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அவர் இருக்கவில்லை. கிளம்பிய வேகத்திலேயே அதை வாங்கி விழுங்கினார். அது உள்ளே இறங்குமுன் அம்பாள் கழுத்தைப் பிடித்து நிறுத்தினாள். எனக்கு இந்தப் புராணத்திலேயே பெரியது அந்தக் கைதான். கணவர் சர்வேஸ்வரன்தானே, தாங்கிக்கொள்வார் என்று அவள் சும்மா இருக்கவில்லை.

பாரதத்தில் அப்படியொரு கை நீளவில்லை. சிறுவயதிலேயே துரியோதனன் பீமனுக்கு விஷம் வைத்துக் கங்கையில் தள்ளினான். திருதராஷ்டிரன் கண்டித்தானா? பிள்ளைப் பாசம் வாயைக் கட்டியது. பிறகு அரக்கு மாளிகை, சூது, துகில். காந்தாரி பெற்ற நூறு பேரில் ஒருவனும் மிஞ்சவில்லை.

தரிசனம் முடிந்து ஆரணி ஆற்றங்கரையோரம் உட்கார்ந்தோம். அங்கே சீமைக் கருவேலங்கன்று ஒன்று முழங்கால் உயரத்துக்கு நின்றது. முள் இன்னும் பச்சை. பெரியம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளியில் படித்த குறளை நான் சொன்னேன்:

"இளைதாக முள்மரம் கொல்க களையுநர்
கைகொல்லும் காழ்த்த இடத்து."

பெரியம்மாவின் பேரன் செல்போனில் காசு வைத்து ரம்மி ஆடுகிறான். வயசுப் பையன், தானா திருந்துவான் என்று வீட்டில் எல்லோரும் விட்டுவிட்டார்கள். பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப சம்பளம்தான்டி போவுது, வீடு இன்னும் போவல. அந்தப் போனைக் குடு."

அங்கேயே கூப்பிட்டார். "ராசா, ராத்திரி வீட்டுக்கு வா. எவ்ளோ கடன் வாங்கியிருக்கேன்னு முழுசா சொல்லு. ஆயா திட்ட மாட்டேன். ஆனா அந்த ஆட்டத்தை என் கண்ணெதிர்லயே போன்லேருந்து எடுக்கணும்."