பேண்ட் வந்தது, ஆக்டிவிட்டி வரவில்லை

ஒருவழியாக ஹீம் ஆக்சிஜனேஸ் (ரத்தச் சிவப்பு நிறமியிலுள்ள ஹீமை உடைக்கும் என்சைம்) ஆக்டிவிட்டியை, அதாவது அது எவ்வளவு வேலை செய்கிறது என்பதை, அளந்து முடித்தாயிற்று. இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

செல்லுக்கு ஹெமின் (ஹீமின் ஒரு வடிவம், இந்த என்சைமைக் கூட்டுவது) கொடுத்ததும், புரோட்டீன் அளவைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் 32 கிலோடால்டனில் தடிமனாக பேண்ட் வந்ததும் சிக்கலில்லாமல் முடிந்தன. "புரோட்டீன் கூடியிருக்கிறது, சரி. என்சைம் வேலை செய்கிறதா?" என்று எங்கள் கட்டுரையை மதிப்பிட்ட ரிவ்யூவர் ஒரே வரியில் கேட்டார். வினை அங்கே பிடித்தது. எரிச்சல் வந்தாலும் கேள்வி நியாயம்தான். இந்த என்சைமை முடக்கும் டின் புரோட்டோபார்ஃபிரினைப் போட்டால் ஆக்டிவிட்டி படுத்துவிடும், ஆனால் பேண்ட் இன்னும் தடிக்கும்!

என்சைம் ஹீமை உடைத்தால் பிலிவெர்டின், கார்பன் மோனாக்சைடு, இரும்பு மூன்றும் வரும். பிலிவெர்டினை ரிடக்டேஸ் என்ற இன்னொரு என்சைம் மஞ்சள் நிறப் பிலிருபினாக்கும். அந்த மஞ்சளை குளோரோஃபார்மில் இழுத்து, 464 நானோமீட்டர் ஒளி உறிஞ்சல் ரீடிங்கிலிருந்து 530 ரீடிங்கைக் கழிக்க வேண்டும். ரிடக்டேஸுக்கு எலிக் கல்லீரல் தேவை. எத்திக்ஸ் கமிட்டி கடிதத்தோடு போனால், அதில் சிறுநீரகம் என்றுதான் இருக்கிறது என்று விலங்குக்கூட அலுவலர் திருப்பி அனுப்பினார். "எலி ஒன்றுதானே சார்?" என்றேன். "பேப்பர்ல கல்லீரல் இல்லையே" என்றார். எனவே, எடுக்கப்போகும் உறுப்பு எல்லாவற்றையும் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்த கூத்து புரோட்டோகால். லேப்பில் கைமாறிக் கைமாறி வந்த தாளில் "37 டிகிரி, ஒரு மணி நேரம்" என்று மட்டும் இருந்தது. "இருட்டில்" என்பதை எந்தப் புண்ணியவான் விட்டாரோ. எங்கள் வாட்டர் பாத்துக்கு நேர் மேலே ட்யூப்லைட். பிலிருபின் வெளிச்சத்தில் உருமாறிவிடும். மஞ்சள்காமாலை வந்த பச்சைக் குழந்தையை விளக்கின் கீழ் படுக்க வைப்பதே அதற்காகத்தானே. கண்ட்ரோலும் ஹெமினும் ஒரே ரீடிங் காட்ட, எல்லோரும் வினைக்குத் தேவையான என்ஏடிபிஎச் மேல் பழி போட்டு, புதுசு வாங்கிக் காசைக் கரைத்தோம். அலுமினிய ஃபாயில் சுற்றி, விளக்கை அணைத்த அன்றுதான் குளோரோஃபார்ம் அடுக்கில் கண்ணுக்கே மஞ்சள் தெரிந்தது. கத்தியே விட்டேன்.

ஹெமினை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து, பிறகு பிஎச்சைச் சரிசெய்யுங்கள். வெறும் தண்ணீரில் கரையாது. மீடியத்தில் சீரம் இருந்தால் ஆல்புமின் அதைப் பிடித்துக்கொள்ளும். ரீடிங் எடுக்கத் திரவம் ஊற்றும் குவெட் குவார்ட்ஸாக இருக்கட்டும், குளோரோஃபார்ம் பட்டால் பாலிஸ்டைரீன் இளகிவிடும்.

பாடுபட்டதற்குப் பலன் உண்டு. முன்கூட்டிக் கொஞ்சம் ஹெமின் வாங்கிய செல்கள் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தாங்கின. டின் புரோட்டோபார்ஃபிரின் சேர்த்ததும் அந்தக் காப்பு போயே போச்சு. கட்டுக்கடங்காத ஹீம்தான் ஆக்சிஜனேற்றச் சேதத்துக்கு எண்ணெய் ஊற்றுவது. அதை உடைத்தால் இரும்பு, அதைச் சேமிக்கும் ஃபெரிட்டின் புரோட்டீனுக்குள் அடங்கும், பிலிருபின் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும். பதில் கடிதத்தில், இந்த என்சைம் இல்லாமல் பிறந்ததாக 1999-ல் பதிவான சிறுவனையும் குறிப்பிட்டோம்: ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்தும் பிலிருபின் ஏறவில்லை, ரத்தக்குழாய் உட்சுவர் செல்கள் பழுதாகியிருந்தன. அதற்குப் பிறகு ரிவ்யூவர் கேட்டது ஒரு படத்தின் எழுத்தளவைப் பெரிதாக்கச் சொல்லி மட்டும்.