செவலைக்குச் சாளை பிஸ்கட்

நாய்க்கு பிஸ்கட் சுட ஆசைப்பட்டு என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, சர்க்கரை டப்பாவை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிடுங்கள் என்பதுதான். நம் நாக்கில் சுவை மொட்டுகள் சுமார் 9,000 என்றால் நாய்க்கு 1,700 அளவில்தான். சாப்பாட்டை அது மூக்கால்தான் முடிவு செய்கிறது. கருப்பட்டி, தேன், வெனிலா எசன்ஸ் எதுவும் அதற்குத் தேவையில்லை. மணம் வேண்டும், அதற்கு எங்கள் நாகர்கோவிலில் சாளை இருக்கிறது. மற்ற ஊர்களில் மத்தி என்பார்கள்.

எங்கள் செவலை நாட்டு நாய், 18 கிலோ. வாசலில் மீன்கூடை இறங்கும்போதே எழுந்து நின்றுவிடுவாள். மீன்காரம்மாவுக்கும் விஷயம் தெரியும். "பிஸ்கட்டுக்குத்தானே மக்களே? சின்னதா பாத்து எடுத்துத் தாறேன்" என்று தனியாகப் பொறுக்கிக் கொடுப்பார்.

தலையும் குடலும் எடுத்த மீனைக் குக்கரில் வைத்து, விசில் வந்ததும் தீயைக் குறைத்து அரை மணி நேரம் விடுகிறேன். முள் விரலில் நசுங்கும் பதம் வர வேண்டும். உப்பு, புளி, மிளகாய் எதுவும் கிடையாது. வெங்காயமும் பூண்டும் கண்டிப்பாகக் கிடையாது. பூண்டு கொடுத்தால் உண்ணி அண்டாது என்று எங்கள் பக்கம் நிறையப் பேர் நம்புகிறார்கள். வெங்காயக் குடும்பம் முழுவதுமே நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துச் சோகையைக் கொண்டுவரும். உண்ணிக்கு மருத்துவரிடம் மருந்து இருக்கிறது, அதை வாங்குங்கள்.

வெந்த மீன் 100 கிராம், அவித்து மசித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு 150 கிராம், கேழ்வரகு மாவு 200 கிராம், ஒரு முட்டை. அவ்வளவுதான். கேழ்வரகில் கோதுமையின் பசைத்தன்மை இல்லாததால் தேய்க்கும்போது விண்டுபோகும். கிழங்கு சூடாக இருக்கும்போதே மாவைச் சேர்த்துப் பிசைந்து, வெதுவெதுப்பு ஆனபிறகு முட்டையையும் மீனையும் கலந்தால் பிடித்துக்கொள்ளும். கையில் ஒட்டினால் இன்னும் கொஞ்சம் மாவு. இரண்டு வாழையிலைகளுக்கு நடுவே வைத்து அரை செண்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்துத் தட்டில் போட்டு, கத்தியால் குறுக்கும் நெடுக்கும் ஒன்பது ஒன்பது கோடு கீறிவிடுங்கள். வெந்தபிறகு கடலை மிட்டாய் போலக் கோட்டிலேயே உடையும். எலும்பு வடிவ அச்சு கடையில் கிடைக்கிறது, பார்க்க அழகாகவும் இருக்கிறது. ஆனால் அதில் வரும் துண்டு பெரியது. துண்டு சிறிதாக இருப்பதுதான் இதில் முக்கியமான ஆரோக்கியம் என்பது என் எண்ணம்.

கணக்கைப் பாருங்கள். மேலே சொன்ன அளவு முழுவதும் ஏறக்குறைய 1,000 கலோரி. நூறு துண்டாக்கினால் ஒன்றுக்குப் பத்து. செவலை எடையுள்ள, ஓடியாடும் நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவை கிட்டத்தட்ட 950 கலோரி. தின்பண்டம் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் வழக்கமான அளவு. ஆக, ஒன்பது துண்டு. அதையே ஒவ்வொன்றாக, கூப்பிட்டதும் வந்ததற்கு, குளிக்க நின்றதற்கு, கேட் திறந்தும் தெருவுக்கு ஓடாததற்கு என்று கொடுத்தால் நாள் முழுக்க வரும். நாய் துண்டின் அளவை எண்ணிப் பார்ப்பதில்லை, எத்தனை முறை கிடைத்தது என்பதைத்தான் பார்க்கிறது.

"நாய்க்குத் தானியமே ஆகாது, அது ஓநாய் வம்சம்" என்று ஒரு பேச்சு இப்போது பலமாக இருக்கிறது. 2013-இல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் இரண்டின் மரபணுக்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிதான். நாயிடம் நான்கு முதல் முப்பது வரை. நம்மோடு சோறும் கூழும் தின்று பழகிய உடம்பு அது. கோதுமை ஒத்துக்கொள்ளாத நாய்கள் உண்டு, மறுக்கவில்லை. மாட்டிறைச்சியும் பாலும் கோழியும் ஒத்துக்கொள்ளாத நாய்களும் உண்டு. சொறிந்துகொண்டே இருக்கும் நாய்க்கு எது ஆகவில்லை என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சுடுங்கள். சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய் உள்ள நாய்க்கும் அப்படியே.

சுடுவதைவிட உலர்த்துவதில்தான் வேலை அதிகம். 1860-களில் லண்டனில் முதன்முதலாக நாய் பிஸ்கட்டை வியாபாரமாக்கிய ஜேம்ஸ் ஸ்ப்ராட், துறைமுகத்தில் நாய்கள் கப்பல் பிஸ்கட்டைத் தின்பதைப் பார்த்துத்தான் யோசனை பிடித்தார் என்பார்கள். கப்பல் பிஸ்கட் மாதக்கணக்கில் கெடாமல் இருந்தது அதில் ஈரமே இல்லாததால். ஓவனில் 160 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, வெளியே எடுத்துக் கோட்டில் உடைத்து, இடைவெளி விட்டுப் பரப்பி, 100 டிகிரியில் இன்னும் ஒரு மணி நேரம். பிறகு அணைத்துவிட்டு ஆறும்வரை உள்ளேயே. உடைத்தால் 'டக்' என்று ஒலிக்க வேண்டும், நடுவில் வளையக் கூடாது. ஓவன் இல்லாவிட்டால், கனமான பாத்திரத்தில் மணல் பரப்பி நம் வீடுகளில் கேக் சுடுவோமே, அப்படியும் வரும். நேரம்தான் கூட எடுக்கும்.

அப்படிச் சுட்டதையும் எங்கள் ஊரில் வெளியே வைப்பதற்கில்லை. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் துலா மழை என்கிற வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் மாவட்டம். மீன் சேர்ந்த பண்டம் என்பதால் ஒரு வாரத்துக்கானதை ஃபிரிட்ஜிலும் மீதியை ஃபிரீசரிலும் வைக்கிறேன். பூஞ்சை தெரிந்தால் அந்தத் துண்டை மட்டும் எடுத்து எறிந்தால் போதாது, டப்பா முழுவதும் குப்பைக்கு. நிலக்கடலை சேர்க்கிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஈரம் ஏறிய கடலையில் வளரும் பூஞ்சையின் அஃப்லடாக்ஸின் என்ற நஞ்சு நாயின் ஈரலைத் தாக்கும். கடையில் வாங்கும் கடலை வெண்ணெய் என்றால், லேபிளில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கிறதா என்று படியுங்கள். சர்க்கரை சேர்க்காதது என்று விற்கும் சில பொருட்களில் அது இருக்கும். நமக்குக் கெடுதல் இல்லை. நாய்க்கு ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும், ஈரலும் கெடும்.

நான் கேக் ஆர்டர் எடுத்துச் செய்கிறவள். டிசம்பரில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கிறிஸ்துமஸ் கேக் வெட்டுவார்கள். ஒரு துண்டு நாய்க்கும் என்று அன்பாகத்தான் போடுகிறார்கள். அதிலுள்ள உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கலாம். எந்த நாய்க்கு எவ்வளவு தின்றால் ஆபத்து என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது. கோகோவில் இருக்கும் தியோபுரோமினை நாயின் உடல் மெதுவாகத்தான் வெளியேற்றும், அதற்குள் இதயம் படபடத்து வலிப்பு வரைக்கும் போய்விடும். சாதிக்காயும் ஆகாது. அதனால் இந்த வருஷமும் என்னிடம் கேக் வாங்கும் வீட்டில் நாய் இருந்தால், கேக் பெட்டியோடு ஒரு சின்னப் பொட்டலம் சாளை பிஸ்கட்டும் வரும், காசு வேண்டாம். நாயின் எடையை மட்டும் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை என்று பொட்டலத்தின் மேல் எழுதித் தருகிறேன்.