பழைய டிராஃபிக் வாரண்டும் டெக்சாஸ் கோர்ட் ஜன்னல்களும்

அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள் அதற்கான என்-400 படிவத்தைத் திறப்பதற்கு முன்னால் ஒன்றை யோசித்துப் பாருங்கள்: போலீஸ் உங்களை எப்போதாவது பிடித்து வைத்ததுண்டா? ஒரு ராத்திரியோ, இரண்டு மணி நேரமோ, படிவத்துக்கு அதெல்லாம் கணக்கில்லை. 'எப்போதாவது' என்றுதான் கேட்கிறது. வழக்கு தள்ளுபடி ஆகியிருந்தாலும், ரெக்கார்டையே அழித்திருந்தாலும் 'ஆம்' என்றுதான் எழுத வேண்டும். 'ஆம்' என்று எழுதினால் வழக்கு எப்படி முடிந்தது என்று கோர்ட் சான்றிட்ட தாள் ஒன்று, அதாவது சர்டிஃபைட் டிஸ்போசிஷன், வேண்டும். அந்த ஒரு தாளை வாங்குவதற்குள் எனக்கு வெறுத்துப் போய்விட்டது. கையில் வந்த பிறகும் எரிச்சல் அடங்கவில்லை, அதனால்தான் இந்தப் புலம்பல்.

என் வழக்கு சின்னது. டாலஸில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், அதாவது யூடி டாலஸில், எம்.எஸ். படிக்கும்போது ஒரு ஸ்பீடிங் டிக்கெட் வந்தது. மணி ஆர்டர் எடுத்துத் தபாலில் அனுப்பி அபராதத்தைக் கட்டிவிட்டேன். கோர்ட்டில் யாரோ அதை என் பேரில் வரவு வைக்கவில்லை. பணமும் வரவில்லை, ஆளும் வரவில்லை என்று வாரண்ட் போட்டுவிட்டார்கள். அடுத்த வருடம் காரின் பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்திய நகரப் போலீஸ்காரர், லைசென்ஸை கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு விலங்கை எடுத்தார். விடிவதற்குள் வெளியே வந்துவிட்டேன். பிறகு ஒரு நாள் மணி ஆர்டரின் அடிக்கட்டையைக் காட்டியதும் நீதிபதி எல்லாவற்றையும் தள்ளுபடி செய்துவிட்டார். எங்கள் அப்பா மின்சாரக் கட்டண ரசீதைக்கூடக் கம்பியில் கோத்து வைக்கிற ஆள். அந்த அடிக்கட்டை என்னிடம் தங்கியதற்கு அவர்தான் காரணம். தள்ளுபடி உத்தரவின் நகலை மட்டும் அன்று யாரும் தரவும் இல்லை, இப்படி ஒன்று பின்னால் தேவைப்படும் என்று சொல்லவும் இல்லை.

சரி, எந்த கோர்ட்? இங்கேதான் பாதிப் பேர் தடுமாறுகிறோம். 'கவுண்டி கோர்ட்டில் போய்க் கேளுங்கள்' என்று எல்லோரும் சொல்வார்கள். கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி. டெக்சாஸில் 254 கவுண்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் பல அடுக்கு கோர்ட்டுகள், அவற்றின் காகிதங்களை வைத்திருக்கும் பல கிளார்க்குகள். பெரிய குற்றங்களும் விவாகரத்தும் டிஸ்ட்ரிக்ட் கோர்ட். காகிதம் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம். ஏ, பி வகுப்பு மிஸ்டிமீனர், அதாவது சிறு குற்றம், என்றால் கவுண்டி கோர்ட். காகிதம் பெரும்பாலும் கவுண்டி கிளார்க்கிடம். ஹாரிஸ் போன்ற பெரிய கவுண்டியில் அதுவும் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடமே இருக்கும். அபராதத்தோடு முடிகிற சி வகுப்பு, அதாவது நம் ஊர்க்காரர்களின் டிராஃபிக் டிக்கெட்டெல்லாம், இரண்டு இடத்திலும் இல்லை. நகரப் போலீஸ் எழுதிய டிக்கெட் அந்த நகரத்து முனிசிபல் கோர்ட்டுக்குப் போகும். கவுண்டியின் போலீசான ஷெரிஃப் ஆட்கள், கான்ஸ்டபிள், மாநில நெடுஞ்சாலைப் போலீசான ட்ரூப்பர் எழுதியது ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் கோர்ட்டுக்குப் போகும். சுருக்கமாக ஜேபி. அந்த ஜேபியும் ஒன்று இல்லை. பிரிசிங்ட் என்பது கவுண்டியின் உட்பிரிவு, பிரிசிங்ட் பிரிசிங்டாக வேறு வேறு கட்டடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஹாரிஸ் கவுண்டியில் மட்டும் 8 பிரிசிங்ட், 16 ஜேபி நீதிபதிகள்.

இதற்கு மேல் கவுண்டி எல்லைக் குழப்பம். யூடி டாலஸ் வளாகமே டாலஸ், காலின் என்று இரண்டு கவுண்டிகளில் கிடக்கிறது. ஃபிரிஸ்கோ ஊர் காலினிலும் இருக்கிறது, டென்டனிலும் இருக்கிறது. தபால் முகவரியில் என்ன ஊர் என்பதை வைத்துக் கவுண்டியை முடிவு செய்யாதீர்கள். நிறுத்தப்பட்ட சாலை எந்தக் கவுண்டி என்று மேப்பில் பாருங்கள்.

நான் இப்போது ஹூஸ்டனில் இருக்கிறேன். லீவு போட்டுவிட்டு ஐ-45 நெடுஞ்சாலையைப் பிடித்து நான்கு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போய், கவுண்டியின் பெரிய கோர்ட் கட்டடத்தில் நின்றேன். எந்தக் கவுண்டி என்று சொல்லப்போவதில்லை. பெல்ட்டைக் கழற்று, போனைத் தட்டில் போடு என்று எல்லாம் முடித்து ஜன்னலுக்குப் போனால், அந்த அம்மா தலையை நிமிர்த்தாமல் என் பெயரைத் தட்டினார்.

"இல்லை."

"முன்னும் பின்னும் மாற்றிப் பாருங்களேன், மேடம்."

"அப்படியும் இல்லை."

"வேறு எந்த ஆபீஸில் இருக்கும்?"

"அது எனக்குத் தெரியாது சார். வேண்டுமென்றால் ரெக்கார்ட் இல்லை என்று கடிதம் தருகிறேன்."

இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். ரெக்கார்ட் இல்லை என்று கோர்ட் தரும் கடிதத்தையும் குடியுரிமைத் துறை ஏற்றுக்கொள்ளும் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன், அது உண்மையும்கூட. பழைய ஃபைலைக் கழித்துவிட்ட கோர்ட் என்றால் அதுதான் வழி. அதனால் கை நீண்டுவிட்டது. நல்லவேளை, வாங்கவில்லை. அந்தக் கடிதத்துக்கு இருக்கிற மதிப்பு, அவர் தட்டிய பெயருக்கு இருக்கிற மதிப்புதான். தப்பான ஆபீஸில், தப்பான பெயரில் தேடி 'இல்லை' என்று வாங்கிக்கொண்டு போய், அதிகாரியின் திரையில் வழக்கு பளிச்சென்று தெரிந்தால்? மறைத்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். வாங்குவதானால் சரியான கோர்ட்டில், எல்லாப் பெயரிலும் தேடிய பிறகு வாங்குங்கள். எந்தெந்தப் பெயரில் தேடினார்கள் என்பதையும் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள்.

பெயர்ப் பிரச்சினை தமிழர்களுக்கென்றே செய்தது மாதிரி இருக்கிறது. என் பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி. என் பெயர், அப்பா பெயர் இரண்டும் கிவன் நேமில். விசா போடும்போது அதை அப்படியே சர்நேமுக்குத் தள்ளிவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ என்று அடித்துவிடுகிறார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். லைசென்ஸிலும் அதுவே ஏறிவிட்டது. சாலையோரத்தில் டார்ச் வெளிச்சத்தில் டிக்கெட் எழுதுகிற ஆள் இதில் எதை முதல் பெயர், எதைக் கடைசிப் பெயர் என்று எழுதுவார் என்று சாமிக்குத்தான் தெரியும். கோர்ட் கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது அவர் எழுதிய பெயர் மட்டும்தான்.

கையை வீசிக்கொண்டு ஹூஸ்டன் திரும்பினேன். அடுத்து எஃப்பிஐயிடம் 18 டாலர் கட்டிக் கைரேகை ரிப்போர்ட் வாங்கினேன். எந்தக் கைதும் இல்லை என்று வந்தது. 'அப்புறம் என்ன, எழுதாமல் விட்டுவிடு' என்று அறிவுரை சொன்ன நண்பர்கள் உண்டு. விடாதீர்கள். சி வகுப்பு விவகாரம் எஃப்பிஐ வரைக்கும் போகாமலே இருக்கலாம். அவர்களிடம் இல்லை என்பதால் கைது நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

பிறகு, டெக்சாஸ் பொதுத் தகவல் சட்டத்தின் கீழ் கோர்ட்டுகளுக்கு மனு அனுப்பினேன். நம் ஊர் ஆர்டிஐ பழக்கம். பதில் இரண்டே வரிதான்: அந்தச் சட்டம் நீதித்துறைக்குப் பொருந்தாது. சட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் உண்மைதான். கோர்ட் காகிதத்துக்கு அந்தந்த கிளார்க்கிடம் நகல் கேட்டு எழுத வேண்டும். ஆனால் போலீசுக்கு அந்தச் சட்டம் பொருந்தும், பத்து வேலை நாளுக்குள் எதையாவது சொல்லியாக வேண்டும். எனக்கு வழி திறந்தது அங்கேதான். கைது செய்த நகரப் போலீசுக்கு, பிறந்த தேதி, லைசென்ஸ் நம்பர், சம்பவம் நடந்த மாதம் எல்லாம் போட்டு, கைது அறிக்கை வேண்டும் என்று அதே சட்டத்தில் எழுதினேன். பிறந்த தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். நாம் நாளை முதலில் போடுவோம், இவர்கள் மாதத்தை முதலில் படிப்பார்கள்.

அறிக்கை மெயிலில் வந்தது. இரண்டாம் பக்கத்தில் வாரண்ட் நம்பர், கேஸ் நம்பர், வாரண்ட் பிறப்பித்த ஜேபி கோர்ட்டின் பிரிசிங்ட், எல்லாம் இருந்தது. பிடித்தது நகரப் போலீஸ், வாரண்ட் கவுண்டியின் ஜேபியுடையது. முனிசிபல் கோர்ட்டில் போய் நின்றிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். பெயர்? கடைசிப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ. எத்தனை ஜன்னலில் நின்று என் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லியிருப்பேன்!

கேஸ் நம்பர் கையில் இருந்தால் பெயர் தொல்லையே இல்லை. ஜேபி ஆபீஸுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார், மனிதர் நன்றாக இருக்கட்டும். நேரில் வர வேண்டியதில்லை, கடிதமும் மணி ஆர்டரும் அனுப்பினால் போதும் என்றார். மறுபடியும் மணி ஆர்டரா என்று வயிற்றைக் கலக்கியது. இந்தத் தடவை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். நம் முகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய உறை ஒன்றையும் உள்ளே வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பதில் தாமதமாகும்.

வந்த உறையைப் பிரித்தால் முதல் கோளாறு: குற்றச்சாட்டுத் தாளின் நகலை அனுப்பியிருந்தார்கள். வழக்கு எப்படி முடிந்தது என்பது அதில் இல்லை. இதை மட்டும் குடியுரிமை அதிகாரியிடம் கொடுத்தால் நமக்கு நாமே ஆப்பு வைத்துக்கொள்வதுதான். கடிதத்தில் 'ரெக்கார்ட் வேண்டும்' என்று பொதுவாக எழுதக் கூடாது. 'சர்டிஃபைட் டிஸ்போசிஷன் வேண்டும், அதோடு தள்ளுபடி உத்தரவின் சான்றிட்ட நகலும் வேண்டும்' என்று எழுதுங்கள். கேஸ் நம்பர், குற்றச்சாட்டு, முடிவு, முடிந்த தேதி நான்கும் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே சம்பவத்துக்கு இரண்டு கேஸ் நம்பர் இருக்கலாம். எனக்கு ஸ்பீடிங் ஒன்று, ஆஜராகாதது இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனித் தாள் வாங்கினேன்.

முத்திரையையும் பாருங்கள். அழுத்தி எடுத்த முத்திரை கைக்குத் தட்டுப்படும், ஸ்கேனில் தெரியாது. ஆன்லைனில் ஏற்றும்போது வெறும் ஜெராக்ஸ் மாதிரி இருக்கும். மை முத்திரையும் குத்தித் தரச் சொன்னால் பெரும்பாலும் தருவார்கள்.

பணம் பிடுங்கும் இணையதளங்கள் பக்கம் போகாதீர்கள். பெயரைப் போட்டால் 'ரெக்கார்ட் கிடைத்தது' என்று சிவப்பில் காட்டிவிட்டு கார்டு நம்பர் கேட்கும். அதில் வருவது எதுவும் சான்றிட்ட நகல் ஆகாது. பேசர் என்று ஒரு இணையதளத்தைச் சொல்வார்கள், அது ஃபெடரல், அதாவது மத்திய அரசின், கோர்ட்டுகளுக்கு. கவுண்டி வழக்கு அதில் இருக்காது.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். தள்ளுபடி ஆன வழக்கை டெக்சாஸில் எக்ஸ்பங்ஷன் மூலம் அடியோடு அழிக்க வழி உண்டு. வேலைக்காக அதைச் செய்யச் சொல்லும் வக்கீல்களும் உண்டு. செய்யுங்கள், ஆனால் சான்றிட்ட நகலை முதலில் கையில் வாங்கிவிட்டுச் செய்யுங்கள். அழித்த பிறகு கோர்ட்டில் தாள் இருக்காது, குடியுரிமைப் படிவமோ அப்போதும் கேட்கும். என் அபார்ட்மெண்டில் இருந்த ஒரு அண்ணன் இந்த வரிசையை மாற்றிச் செய்துவிட்டு வக்கீலுக்கு மேல் வக்கீலாக அலைந்தார்.

நகல் ஒவ்வொன்றிலும் மூன்று வாங்கினேன். ஒன்று ஸ்கேனுக்கு, ஒன்று இன்டர்வியூவுக்கு, ஒன்று பீரோவுக்கு. ஆன்லைன் விண்ணப்பக் கட்டணம் 710 டாலர் கட்டியது, கைரேகை கொடுத்தது எல்லாம் சிக்கலில்லாமல் போனது.

படிவத்தில் இதுவரை பயன்படுத்திய மற்ற பெயர்களைக் கேட்கும் கட்டம் ஒன்று உண்டு. கல்யாணமான பெண்களுக்கு மட்டும் என்று நினைத்து நம் ஆட்கள் காலியாக விட்டுவிடுகிறார்கள். எஃப்என்யூ முன்னால் வருவது, பின்னால் வருவது, அப்பா பெயரை முதலில் போட்டது என்று கோர்ட் தாளிலும் லைசென்ஸிலும் எப்படியெல்லாம் இருந்ததோ அத்தனையையும் அதில் எழுதினேன். இன்டர்வியூவில் அதிகாரி கோர்ட் தாளின் மேலே இருந்த பெயரை அந்தக் கட்டத்தோடு விரல் வைத்து ஒப்பிட்டார், என்ன நடந்தது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார், தாளை ஃபைலில் செருகிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.