விண்கல இணைப்பு: எனக்கு விளங்க வைத்த எண்ணெய்ப் புனல்

குரூப் 1 முதன்மைத் தேர்வுக்காக மதுரை புதுநத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் படித்துவந்தபோது, ஒரு மாதிரித் தேர்வில், ஆட்கள் செல்லும் விண்கலங்கள் எவ்வாறு ஒன்றோடொன்று இணைகின்றன என்று கேட்டிருந்தார்கள். 1966இல் நீல் ஆம்ஸ்ட்ராங்கும் டேவிட் ஸ்காட்டும் ஜெமினி 8 கலத்தை ஏஜீனா என்ற ஆளில்லா இலக்குக் கலத்தோடு இணைத்தது முதல் 1975இன் அப்பல்லோ–சோயுஸ் சந்திப்பு வரை, ஆண்டும் பெயரும் பிசகாமல் எழுதியிருந்தேன். ஆனால் மதிப்பெண் 15க்கு 5தான். "ஒரு முறை இருக்க இன்னொன்று ஏன் வந்தது?" என்று திருத்தியவர் ஓரத்தில் எழுதியிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டியில் எங்கள் வீட்டு எண்ணெய்ப் புனலுக்குள் ஒரு பென்சிலை விட்டுப் பார்த்தேன். கூர்முனை எந்தப் பக்கம் பட்டாலும் சரிந்து நடுத்துளைக்கே வந்து சேர்ந்தது. அப்பல்லோவின் கோல்–கூம்பு அமைப்பும் இதுவே: கோலின் நுனித் தாழ் கூம்பின் அடியில் மாட்டிக்கொள்வது மென்பிடிப்பு, பிறகு கோல் உள்ளிழுக்கப்பட்டு, வளையத்திலுள்ள 12 தாழ்கள் காற்றுக் கசியாதபடி இறுகுவது வன்பிடிப்பு. இந்த இரண்டு படிகளும் மனத்தில் பதிந்துவிட்டால், 1971இல் அப்பல்லோ 14 ஐந்து முறை முயன்றும் நுனித் தாழ் மாட்டாமல் ஆறாவது முறையில்தான் இணைந்தது ஏன் என்பது தானே விளங்கும்.

இந்த முறையில் இரண்டு குறைகள் உண்டு. ஒரு கலத்தில் கோலும் மற்றதில் கூம்பும் இருந்தே தீர வேண்டும்; மேலும், வழியை அடைத்து நிற்கும் அவற்றைக் கழற்றிய பிறகே அப்பல்லோவில் ஆள் கடந்து செல்ல முடியும். இதற்கு விடையாகத்தான் சோவியத் பொறியாளர் விளாதிமிர் சிரோமியாத்னிகோவ் முதலானோர் இருபுறமும் ஒரே வடிவம் கொண்ட, மூன்று வழிகாட்டி இதழ்கள் விரல் கோத்தாற்போல் பொருந்தும் வளையத்தை உருவாக்கினார்கள். 1975 ஜூலை 17 அன்று அமெரிக்கக் கலமும் சோவியத் கலமும் அதன் வழியாகவே இணைந்தன. நடுவழி திறந்தே இருக்கும் இந்த ஏற்பாடு எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. 2010இல் வெளியான, விண்கல இணைப்புக்கான பன்னாட்டுத் தரமும் இதே வழியைப் பின்பற்றியதுதான்.

விடையில் முதலில் புனலும் பென்சிலும் போன்ற படத்தை வரைந்துவிட்டு, ஒவ்வொரு ஆண்டுக்கும் பக்கத்தில் அதற்கான காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். நம் இஸ்ரோவின் விண்கல இணைப்புத் திட்டமான ஸ்பேடெக்ஸைச் சேர்க்கும்போது ஆளில்லாச் சோதனை என்று குறிப்பிடுங்கள். ஏவிய நாள் 2024 டிசம்பர் 30, இணைந்த நாள் 2025 ஜனவரி 16 என்பதையும் பிரித்தே எழுதுங்கள்.