ஒரு சண்டை, இரண்டு தேதி: ‘ஜிப்ரால்டர்’ கப்பலின் பணி வரலாறு, இதுவரை

பதினான்கு மாதங்களாக என் அட்டவணையில் எங்கும் பொருந்தாமல் துருத்திக்கொண்டிருந்த ஒரே ஒரு நாள், சென்ற ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. வேறு யாருக்கும் இது செய்தியே அல்ல என்றாலும், பழைய போர்க்கப்பல்களின் பணி வரலாற்றைத் தொகுக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு அந்த ஒரு நாளின் அருமை தெரியும் என்பதால் இதை எழுதிவைக்கிறேன்.

நான் தொகுத்துவருவது ‘ஜிப்ரால்டர்’ என்ற 80 பீரங்கிக் கப்பலின் வரலாறு. பிறப்பால் அது ஸ்பானியக் கப்பல். 1749-ல் ஹவானாவில் கடலில் இறக்கப்பட்டபோது அதற்கு ‘ஃபேனிக்ஸ்’ என்று பெயர். 1759-ல் நேப்பிள்ஸிலிருந்து பார்சிலோனாவுக்கு மூன்றாம் கார்லோஸை ஸ்பெயினின் அரசராகச் சுமந்து வந்தது இதுதான். 1780 ஜனவரி 16 அன்று செயின்ட் வின்சென்ட் முனைக்கு அப்பால் நடந்த நிலாச் சண்டையில் இது தளபதி லாங்கராவோடு சேர்ந்து பிரிட்டிஷ் தளபதி ராட்னியின் கையில் சிக்கியது. மூன்றரை ஆண்டுகளுக்குப் பிறகு, 1783 ஜூன் 20 அன்று, அதே கப்பல் பிரிட்டிஷ் கொடியுடன் கடலூருக்கு எதிரே நின்று பிரெஞ்சுக்காரர்களுடன் பொருதியது. கடலூர்க்காரனான நான் முப்பது வயது வரை அந்தக் கடற்கரையில் நடந்திருக்கிறேன். எதிரே தெரியும் நீரில் ஹவானா மரத்தில் செய்த கப்பலொன்று புகை கக்கிக்கொண்டு நின்றது என்பதை அறியாமலே நடந்திருக்கிறேன். தெரிந்த பிறகு விட முடியவில்லை.

முதல் ஆறு மாதங்களைப் பெயரே தின்றுவிட்டது. எந்த ஆவணப் பட்டியலிலும் ‘ஜிப்ரால்டர்’ என்று தேடினால் கப்பலுக்குப் பதிலாக, ஸ்பெயினின் தெற்கே அதே பெயரிலுள்ள பாறையும் அதன் கோட்டையும் 1779 முதல் 1783 வரை நடந்த முற்றுகையும்தான் ஆயிரக்கணக்கில் வந்து விழுகின்றன. போதாக்குறைக்கு 1779-ல் இதே பெயரில் ஒரு சிறு இருபாய்மரக் கப்பலும் பிரிட்டிஷ் கடற்படையில் இருந்தது. ‘ஃபேனிக்ஸ்’ என்பதை ஆங்கிலத்தில் ‘பீனிக்ஸ்’ என்றே வைத்துக்கொண்டிருக்கலாமே என்று பலமுறை சலித்துக்கொண்டேன். ஆனால் அந்தப் பெயரில் அவர்களிடம் ஏற்கெனவே 44 பீரங்கிக் கப்பலொன்று ஓடிக்கொண்டிருந்தது. அது 1780 அக்டோபர் புயலில் கியூபாக் கரையில் உடைந்துபோகும்வரை அந்தப் பெயர் காலியாக இல்லை. ராட்னியோ ஜிப்ரால்டருக்கு உணவும் துணைப்படையும் கொண்டுசெல்லும் வழியில்தான் இதைப் பிடித்திருந்தார் என்பதால், புதிய பெயருக்கு அவர்கள் நெடுநேரம் யோசித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். கடைசியில் கப்பலின் பெயரை விட்டுவிட்டுத் தளபதிகளின் பெயர்களைக் கொண்டு தேடத் தொடங்கிய பிறகே வேலை நகர்ந்தது. 1781-க்கு சாமுவேல் டிரேக், 1783-க்கு ரிச்சர்டு பிக்கர்டன், 1794-க்குத் தாமஸ் மெக்கென்சி என்று போனால் பாறை குறுக்கே வருவதில்லை.

அதற்கடுத்த சிக்கல் படிகள், அதாவது ஆவணங்களின் நகல்கள். கப்பல் தலைவர்களின் லாக் புத்தகங்கள், அதாவது கப்பலில் நாள்தோறும் நடப்பதை எழுதும் பதிவேடுகள், லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும், துணைநிலை அதிகாரிகளின் லாக் புத்தகங்கள் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்திலும் பிரிந்து கிடக்கின்றன. நேரில் போக வசதியில்லாததால், காசு வாங்கிக்கொண்டு பக்கங்களைப் படமெடுத்து அனுப்பும் ஒருவரிடம் பணியை ஒப்படைத்தேன். அவர் வலப்பக்கங்களை மட்டும் அழகாக எடுத்து அனுப்பிவிட்டு, இடப்பக்கங்களில் ஒன்றும் இருக்காது என்று எண்ணியதாகப் பிறகு விளக்கம் சொன்னார். பாதிக் கட்டணத்தைத் திருப்பித் தர அவருக்கு இன்னும் மனம் வரவில்லை. இரண்டாம் முறை வேறொருவரிடம் கேட்டபோது, அட்டை முதல் அட்டை வரை வெற்றுப் பக்கம் உட்பட ஒன்றையும் விடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். படி எடுக்கச் சொல்பவர்கள் எல்லாரும் அப்படி எழுதிக் கொடுப்பது நல்லது. ஏனென்றால் எனக்கு விடை கிடைத்ததே அந்த இடப்பக்கங்களில்தான்.

இனி அந்த நாள். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி எட்வர்டு ஹியூஸின் 18 கப்பல்களும் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனின் 15 கப்பல்களும் கடலூருக்கு அப்பால் மோதிய நாள் ஜூன் 20, வெள்ளிக்கிழமை என்பதில் நூல்களுக்குள் கருத்து வேறுபாடு கிடையாது. சண்டை பிற்பகல் 4 மணியைச் சற்றுத் தாண்டித் தொடங்கி, இருட்டும் நேரத்தில், 7 மணியளவில் ஓய்ந்தது. ஆனால் என் கையிலிருந்த லாக் படிகளில் அந்தச் சண்டை ஜூன் 21, சனிக்கிழமைக்குக் கீழ் இருந்தது. எழுதியவர் தேதியைத் தவறவிட்டிருக்கலாம் என்று முதலில் நினைத்து, கிழமையைக் கொண்டு சரிபார்த்தேன். 1783 ஜூன் 21 சனிக்கிழமைதான். கிழமையும் தேதியும் ஒன்றோடொன்று இசைந்திருந்ததால், தவறு லாக்கில் இல்லை, நூல்களில்தான் என்ற முடிவுக்கு வந்து, அந்த மமதையில் மூன்று மாதம் திரிந்தேன். நண்பர் ஒருவருக்கு இதைப் பற்றி நீண்ட கடிதம் வேறு எழுதினேன். அவர் பதில் எழுதாமல் இருந்தது என் நல்லூழ்.

திருப்பம் வீட்டிலேயே வந்தது. உறவினர் வீட்டுக் குழந்தை பின்னிரவு 2 மணிக்குப் பிறந்ததைப் பற்றிப் பேசும்போது, மருத்துவமனைச் சீட்டிலிருந்த மறுநாள் தேதியை நான் படித்துக் காட்டினேன். அம்மா அதை ஏற்கவில்லை. “விடியறதுக்கு முன்னாடி எப்படிடா நாள் மாறும்?” என்று கேட்டுவிட்டுப் பஞ்சாங்கத்தைப் புரட்டப் போய்விட்டார். நம் கணக்கில் நாள் சூரிய உதயத்தில் மாறுகிறது. அரசாங்கக் கணக்கில் நள்ளிரவில் மாறுகிறது. கப்பலில் எப்போது மாறியது என்ற கேள்வியை, இத்தனை மாதத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

கப்பலில் அது நண்பகலில் மாறியது. சூரியன் உச்சியைத் தொடும் கணத்தில் அதன் உயரத்தை அளந்து அட்சரேகையைக் கணிப்பதுதான் அன்றாட வழிக் கணக்கின் முடிவும் அடுத்த கணக்கின் தொடக்கமும் என்பதால், கடலோடிகளுக்கு நண்பகல்தான் இயல்பான எல்லை. ஸ்பானியர்களும் ஒரு நண்பகலிலிருந்து மறு நண்பகல்வரை ஓடிய ஓட்டத்தை ‘சிங்லதூரா’ என்று ஓர் அலகாகவே எண்ணினார்கள். பிரிட்டிஷ் கடற்படையில் நண்பகலில் தேதி முன்னால் தாவும்: நாம் வெள்ளிக்கிழமை, ஜூன் 20, பிற்பகல் என்று சொல்லும் பொழுதுக்கு லாக்கில் சனிக்கிழமை, ஜூன் 21 என்று தலைப்பு. தேதியோடு கிழமையும் சேர்ந்தே தாவுவதால்தான் என் கிழமைச் சோதனை எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. இந்த வழக்கம் 1805 அக்டோபரில் கடற்படைத் தலைமையின் ஆணையால்தான் நின்றது.

இதை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் வழக்கம் தெரிந்திருப்பது வேறு, கையிலுள்ள ஒரு பக்கம் எந்தக் கணக்கில் எழுதப்பட்டது என்று தீர்மானிப்பது வேறு. ஏனென்றால் அதே கப்பல், அதே புத்தகத்தில், துறைமுகத்தில் நிற்கும்போது கரைக் கணக்கில் எழுதும்; நங்கூரம் எடுத்ததும் கடற்கணக்குக்குத் தாவும். தாவும் நாளில் எண்ணிக்கை நொண்டும்: புறப்படும் தேதிக்கு 12 மணி நேரம் மட்டுமே இருக்கும், வந்து சேரும் தேதிக்கு 36 மணி நேரம் இருக்கும். சென்னையிலும் பரங்கிப்பேட்டையிலும் கடலூரிலும் கப்பல்கள் திறந்த கடலில்தான் நங்கூரமிட்டன. அதைத் துறைமுகம் என்று கொள்வதா கடல் என்று கொள்வதா என்பதில் எழுதுபவரின் பழக்கம் குறுக்கிட இடமுண்டு. ஆகவே பக்கந்தோறும் தனியாகச் சோதிக்க வேண்டியிருக்கிறது.

நான் இப்போது பின்பற்றும் சோதனை எளிமையானது. ஒரு தேதியின் கீழ் பிற்பகல் முதலில் வந்து முற்பகல் பின்னால் வந்தால் அது கடற்கணக்கு. முற்பகல் முதலில் வந்தால் கரைக்கணக்கு. நண்பகல் அட்சரேகை பதிவின் கடைசியில் நின்றால் ஐயமே வேண்டாம். என் முதல் படியில் குறிப்புகள் எழுதிய வலப்பக்கங்கள் மட்டும் இருந்தன. மணி, வேகம், காற்று என்று பத்திகளாகப் பிரிந்த இடப்பக்கங்கள் இல்லை. இரண்டாம் படி வந்து அந்தப் பத்திகளைப் பார்த்த பிறகே, நாள் பிற்பகல் 1 மணியில் தொடங்குவது கண்ணுக்கு எட்டியது. ஜூன் 17 முதல் இரு அணிகளும் காற்றுக்காகச் சுற்றிக்கொண்டே இருந்ததால், 20-ஆம் தேதி பிற்பகலில் ‘ஜிப்ரால்டர்’ கடற்கணக்கில்தான் இருந்தாக வேண்டும். அட்டவணையில் ஒரு புதிய பத்தியைச் சேர்த்து, ஒவ்வொரு வரிக்கும் ‘கடல்’ அல்லது ‘கரை’ என்று குறித்து, கடற்கணக்கிலுள்ள பிற்பகல் நிகழ்ச்சிகளை முந்தைய நாளுக்குத் தள்ளினேன். எல்லாம் பூட்டும் சாவியும்போலச் சேர்ந்துகொண்டன.

சேர்ந்த பிறகு பழைய வரிகளும் தெளிந்தன. நிலாச் சண்டை ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்குத் தொடங்கி மறுநாள் பின்னிரவு 2 மணி தாண்டி நீண்டது. கரைக்கணக்கில் அது 16, 17 என்று இரண்டு தேதிகளில் கிடக்கிறது. கப்பலின் கணக்கில் முழுவதும் 17. அம்மாவின் கணக்கில் முழுவதும் 16. நிலவின் வயதைத் தோராயமாகக் கணக்கிட்டுப் பார்த்ததில் அது வளர்பிறையின் பத்தாம் நாளை ஒட்டி வருகிறது, அதாவது சண்டை ஓயும் வேளையில்தான் நிலாவும் மேற்கே சாய்ந்திருக்கும். ‘ஃபேனிக்ஸ்’ கப்பலைக் கைக்கொண்டது ‘பியான்ஃபெசான்’. அதுவும் 1758-ல் லூயிஸ்பர்க்கில் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பறித்த கப்பல் என்பதை நினைக்க வேடிக்கையாக இருக்கிறது. அதில் பெரியம்மை பரவியிருந்தது. அதன் தலைவர் மெக்பிரைடு, தன் ஆட்களை அனுப்பி நோயைப் பரப்ப விரும்பாமல், நிலைமையை லாங்கராவிடம் சொல்லி, அவரையும் அவர் ஆட்களையும் வாக்குறுதியின்பேரில் அவர்கள் கப்பலிலேயே இருக்க விட்டார்.

கடலூர்ச் சண்டையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரெஞ்சு வரிசையில் ‘ஃபாந்தான்’ கப்பலின் பின்பாய்மரத்தில் தீப்பற்றி, அது வரிசையை விட்டு விலகியபோது, அந்த இடைவெளியில் புகப் பார்த்தது ‘ஜிப்ரால்டர்’தான், ‘ஃபிளாமான்’ முன்னால் வந்து வழியை அடைத்தது. அணிவகுப்பு கலையாமல் பீரங்கிக் குண்டுகளைப் பரிமாறிக்கொண்டே முடிந்துபோன அந்த மாலையில் துணிந்து நடந்த ஒரே காரியம் அது என்பது என் மதிப்பீடு. இத்தனைக்கும் முதற்கட்ட அமைதி உடன்படிக்கை ஐரோப்பாவில் ஜனவரி 20 அன்றே கையெழுத்தாகிவிட்டது. சரியாக ஐந்து மாதம் கழித்து, செய்தி வந்து சேராத கடலில், பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் 99 பேர் இறந்தார்கள். இந்த இடைவெளிக்கு முன்னால் என் ஒரு நாள் பஞ்சாயத்து சின்னதுதான்.

அதன் பிறகான ஆண்டுகளில் பெரிய தொல்லையில்லை. பிரெஞ்சுக்காரர்களுடனான 1794 ஜூன் 1 சண்டை காலையில் நடந்தது. நள்ளிரவிலிருந்து நண்பகல்வரை இரு கணக்கும் ஒன்றே என்பதால் அந்த வரி தொடக்கத்திலிருந்தே நேராக நின்றது. 1796 டிசம்பர் 10 இரவு கப்பல் ஜிப்ரால்டர் விரிகுடாவிலிருந்து புயலில் அடித்துச் செல்லப்பட்டு, அருகிலிருந்த பாறையில் மோதித் தப்பியது. அதே இரவில் ‘கரேஜியூ’ என்ற இன்னொரு பிரிட்டிஷ் கப்பல் ஆப்பிரிக்கக் கரையில் உடைந்து நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பின்னர் பிளிமத்தில் உலர்தளத்தில் ஏற்றிப் பார்த்தபோது, அடிப்பலகையில் பெரிய பாறைத்துண்டு செருகியபடி இருந்ததாம். அது கழன்றிருந்தால் கப்பல் அன்றே மூழ்கியிருக்கும். அந்தச் சேதத்தையும் தாங்கி, 1809-ல் பிரெஞ்சுக் கரையோரம் நடந்த பாஸ்க் ரோட்ஸ் சண்டை வரை கடலில் இருந்து, 1813-ல் வெடிமருந்துக் கிடங்காகி, 1824-ல் நோய்த்தடுப்புக் காவல் கப்பலாகி, 1836 நவம்பரில் பெம்பிரோக்கில் பிரிக்கப்பட்டது. 87 ஆண்டுகள். இதே அச்சில் அதே ஆண்டு அதே ஊரில் பிறந்த ‘ராயோ’, 1805-ல் டிரஃபால்கருக்குப் பிந்தைய புயலில் கரையேறி உடைந்தது. ஹவானா மரத்தின் வலு என்று இதற்கு ஒரே காரணம் சொல்லிவிடுகிறார்கள்; பிரிட்டிஷ் பழுதுபார்ப்புக் கணக்குகளைப் பார்க்காமல் அதை நம்புவதாக இல்லை. அந்தக் கணக்குகளுக்குப் படி கேட்க இன்னும் கொஞ்சம் பணம் சேர வேண்டும்.

அதற்குள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் 1783-க்கான செயின்ட் ஜார்ஜ் கோட்டைப் பதிவுகளைப் பார்க்க எண்ணியிருக்கிறேன். அவை கரைக்கணக்கில் எழுதியவை என்பதால் ஒப்புநோக்க உதவும். புதுச்சேரியின் இரண்டாம் வீராநாயக்கர் எழுதிய நாட்குறிப்பில் சோபகிருது ஆண்டு ஆனி மாதத்தில் கடலூர்ச் செய்தி எந்தத் தேதியில், எப்படி வந்து விழுந்தது என்றும் பார்க்க ஆசை. அங்கே மூன்றாவது கணக்கு தொடங்கும்.

‘ஜிப்ரால்டர்’ முடியும் முன்பே ‘மொனார்கா’வின் கோப்பையும் திறந்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதுவும் நிலாச் சண்டையில் பிடிபட்ட ஸ்பானியக் கப்பல்தான். ஜான் கெல்லின் தலைமையில், 1782-ல் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால் நடந்த சண்டை முதல் கடலூர் வரை ஹியூஸின் ஐந்து சண்டைகளிலும் அது இருந்தது. ஐந்தில் நான்கு பிற்பகலில் தொடங்கியவை. முந்தைய நாளுக்குத் தள்ளினால் தீர்ந்தது. நாகப்பட்டினத்துக்கு அப்பால் ஜூலை 6 அன்று நடந்ததோ முற்பகல் 11 மணிக்குச் சற்று முன் தொடங்கி நண்பகலைத் தாண்டிப் போனது. லாக்கில் அதன் முதல் மணி நேரம் சனிக்கிழமை 6-லும், மிச்சம் ஞாயிற்றுக்கிழமை 7-லும் இருக்க வேண்டும். அந்தப் பக்கங்களுக்கு நேற்று எழுதிக் கேட்டிருக்கிறேன், இடப்பக்கங்களையும் சேர்த்து.